தைத்தால் சேருகிறது, தடிப்புக் கொடுத்தால் உடைகிறது: பரப்பு மாதிரியை எப்படிச் செப்பனிடுவது?

கப்பலூர்மோல்டு:

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய மோல்டுப் பட்டறையில் வரைவுப் பணி பார்க்கிறேன். இரு சக்கர வண்டியின் பக்க மூடி ஒன்றுக்கு அச்சு செய்ய வேண்டியுள்ளது. வாடிக்கையாளர் வெளித்தோலை மட்டும் ஐஜெஸ் (மென்பொருள்களுக்கு இடையே வரைவைப் பரிமாறும் ஒரு வடிவம்) கோப்பாக அனுப்பியிருக்கிறார். உட்புறச் சுவரை 2.5 மி.மீ. தடிப்பில் நாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். கோப்பைத் திறந்தபோது 214 பரப்புகள் தனித்தனியாகக் கிடந்தன. 0.001 மி.மீ. டாலரன்ஸில் (பொறுத்துக்கொள்ளும் விலகல் எல்லையில்) தைத்தேன், அதாவது அண்டை விளிம்புகளை இணைத்தேன். மூடியின் வெளிச்சுற்றைக் கழித்துவிட்டாலும் உள்ளே 61 விளிம்புகள் இணையாமல் நின்றன. டாலரன்ஸை 0.05 ஆக உயர்த்தியதும் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆனால் தடிப்புக் கொடுக்கும் கட்டளை பிழை காட்டி நின்றுவிடுகிறது. 1 மி.மீ. கொடுத்தால் வருகிறது, 2.5 கொடுத்தால் வரவில்லை. சேர்ந்துவிட்டதாகக் காட்டும் மாதிரி ஏன் உடைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

புதூர்பட்டறை:

தம்பி, இருபது ஆண்டுகளாக கே. புதூர்ப் பக்கம் இதே தொழிலில் இருக்கிறேன். வருகிற கோப்பு ஒன்றுகூட முழுதாக வந்ததில்லை. இணையாத விளிம்புகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 0.05 என்பது தலைமுடியின் தடிப்புக்குள் அடங்குகிற அளவு. வெட்டும் கருவிக்கு அது தெரியவே தெரியாது. வெளித்தோலை வைத்துக் கேவிட்டிக்கு (வெளிப்புறத்தை உருவாக்கும் அச்சுப் பாதிக்கு) டூல்பாத், அதாவது வெட்டும் கருவி ஓடும் பாதை, போட்டுவிடுங்கள். உட்புறத்தை உருவாக்கும் கோர் பக்கத்துக்கு, வெட்டும்போதே 2.5 மி.மீ. ஸ்டாக் (பரப்பிலிருந்து தள்ளி வெட்டும் அளவு) கணக்கில் கொடுத்தால் மாதிரியே தேவையில்லை. கோப்பைச் செப்பனிடுகிறேன் என்று உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும், வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

பசுமலைவரைவாளர்:

புதூர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் கணக்கோடு ஒப்புக்கொள்கிறேன். 6 மி.மீ. விட்டமுள்ள பால்நோஸ் கட்டர் 0.05 மி.மீ. அகலமுள்ள ஓர் இடைவெளியின் மேல் ஓடினால், அதன் உருண்டை முனை அந்த இடுக்கில் இறங்கும் ஆழம் 0.0001 மி.மீ. அளவே. இடைவெளியின் அகலத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த எண் வரும். 0.2 மி.மீ. ஸ்டெப்ஓவரில் (அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு இடையேயான தூரத்தில்) அதே கட்டர் விட்டுச்செல்லும் வரிமேடே 0.0017 மி.மீ. உயரம் இருக்கும். எனவே சிறிய இடைவெளியைக் கண்டு இயந்திரம் கலங்குவதில்லை.

கலங்குவது மாதிரிதான். வெளித்தோலிலிருந்து உட்சுவர், கோர்–கேவிட்டிப் பிரிப்பு, ஸ்பார்க் எலக்ட்ரோடு (மின்பொறியால் அரிக்கும் கருவி), டிராஃப்ட் (உருப்படி கழன்று வரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு) சோதனை என்று அடுத்தடுத்து எதைச் செய்தாலும், எந்தப் பரப்புக்கு எது அண்டைப் பரப்பு என்பது மென்பொருளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். கோர் பக்கம் ரிப்பும் (வலுவூட்டும் விலா) பாஸும் (திருகு ஏறும் குமிழ்) வைக்கவேண்டிய உருப்படிக்கு ஸ்டாக் கணக்கு மட்டும் போதாது. அவை எதன் மேல் நிற்கும்?

கப்பலூர் நண்பருக்கு: நீங்கள் டாலரன்ஸை 0.05 ஆக உயர்த்தியபோது எந்தப் பரப்பும் நகரவில்லை. பெரும்பாலான தையல் கட்டளைகள், இரண்டு விளிம்புகளும் ஒன்றே என்று மாதிரியின் பதிவேட்டில் எழுதிவிட்டு, அந்த விளிம்புக்கு மட்டும் ஒரு பெரிய டாலரன்ஸைக் கட்டிவிடுகின்றன. ரைனோ என்ற வரைவு மென்பொருளில் ஜாயின்எட்ஜ் என்ற கட்டளை இதை வெளிப்படையாகவே செய்கிறது: விளிம்புகள் இணைந்ததாகக் காட்டும், பரப்புகள் நின்ற இடத்திலேயே நிற்கும். அதன்பின் ரீபில்ட்எட்ஜஸ் கொடுத்துப் பாருங்கள். விளிம்புகள் தத்தம் பரப்புக்குத் திரும்பிப் போய், மறைந்திருந்த இடைவெளி மீண்டும் தெரியும். புது மண்டபத்தில் முன்பு வரிசையாக உட்கார்ந்திருந்த தையற்காரர்கள், இரண்டு துண்டுத் துணியை முதலில் பெரிய தையலாக ஓட்டி நிறுத்திவைப்பார்கள். அது போட்டுப் பார்ப்பதற்கு, உடுத்துவதற்கு அன்று. 0.05 தையலும் அந்த வகைதான்.

உங்கள் மாதிரியில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன என்பது என் ஊகம். விளிம்பில் இடம் பொருந்தாதது ஒன்று. இடம் பொருந்தியும் சாய்வு பொருந்தாதது மற்றொன்று. 1 மி.மீ. வந்து 2.5 வராமல் போவது இரண்டாவதன் அடையாளம். ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு பக்கப் பரப்புகளின் செங்குத்துகளுக்கு (பரப்புக்கு நேர்க்குத்தாக நிற்கும் திசைகளுக்கு) இடையே எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

கணக்குவாத்தியார்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொறியியல் மாணவர்களுக்கு வடிவக் கணக்கு சொல்லிக்கொடுப்பவன் நான். பட்டறை அனுபவம் குறைவு. இடைவெளி ஏன் தோன்றுகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

எல்லாரும் அனுப்பியவரின் கவனக்குறைவு என்றே நினைக்கிறார்கள். உண்மையில், இரண்டு வளைந்த பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோட்டை எந்த மென்பொருளாலும் மிகச்சரியாக எழுத முடியாது. இரு திசையிலும் மூன்றாம் படி கொண்ட சாதாரணப் பரப்பு ஒன்றை ஒரே சமன்பாடாக எழுதினால் அதன் படி 18. அத்தகைய இரண்டு வெட்டிக்கொண்டால் வரும் கோட்டின் படி 324. இதை அப்படியே சேமித்து வைப்பவர் யாரும் இல்லை. ஆகவே ஒரு டாலரன்ஸுக்குள் நெருங்கிவரும் எளிய கோடு ஒன்றை வரைந்து, அதையே விளிம்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது டிரிம் செய்யப்பட்ட (ஒரு கோட்டின் வழியே வெட்டப்பட்ட) ஒவ்வொரு விளிம்பிலும், பிறந்த இடத்திலேயே, ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கவே செய்கிறது. அது அந்த மென்பொருளின் டாலரன்ஸுக்குள் இருப்பதால் அங்கே கண்ணுக்குப் படுவதில்லை.

வேறு மென்பொருளுக்குப் போகும்போதுதான் அது வெளிப்படுகிறது. கேட்டியா என்ற வரைவு மென்பொருள் 0.001 மி.மீ. வரை நெருங்கிய புள்ளிகளை ஒன்றாகக் கருதுகிறது. பாராசாலிட் என்னும் உட்கருவின் (வடிவக் கணக்கைச் செய்யும் உள் நிரலின்) அடிப்படைத் துல்லியம் 0.00001 மி.மீ. சாலிட்வொர்க்ஸும் சீமென்ஸ் என்எக்ஸும் அந்த உட்கருவின் மேல்தான் நிற்கின்றன. முன்னதில் ஒன்றாக இருந்தது பின்னதில் நூறு மடங்கு விலகலாகத் தெரியக்கூடும். இதை உணர்ந்தே விளிம்புக்கு விளிம்பு தனி டாலரன்ஸ் வைத்துக்கொள்ளும் வசதியைப் பாராசாலிட்டில் கொடுத்திருக்கிறார்கள்.

கோப்பின் வகையும் முக்கியம். ஐஜெஸ் 1980இல் வந்த ஏற்பாடு. அதில் டிரிம் பரப்புகளைப் பெரும்பாலும் தனித்தனியாகவே எழுதுவார்கள். யார் யாருக்கு அண்டை என்ற செய்தி கோப்பில் இருக்காது, பெறுபவர்தான் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஒரே விளிம்பை முப்பரிமாணக் கோடாக ஒரு முறையும், பரப்பின் உள்-ஆயத்தில் வரைந்த கோடாக ஒரு முறையும் எழுதுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு உண்டு. 1994 முதல் ஐஎஸ்ஓ தரமாக இருக்கும் ஸ்டெப் கோப்பில், திடப்பொருளாகவோ இணைந்த தோலாகவோ எழுதினால், பொது விளிம்பு ஒரே முறைதான் எழுதப்படும். எனவே செப்பனிட உட்காருவதற்கு முன், வாடிக்கையாளரிடம் ஸ்டெப் கோப்பைக் கேளுங்கள். கோப்பை நோட்பேடில் திறந்து ‘அன்சர்ட்டன்ட்டி’ என்ற சொல்லைத் தேடினால், அனுப்பியவர் எந்த டாலரன்ஸை நம்பியிருந்தார் என்பதும் தெரியும்.

புதூர்பட்டறை:

ஐயா, கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. எங்களுக்கு வேலை கொடுப்பவர் நான்காவது கை. மூலக் கோப்பு அவரிடமே இருக்காது. “இதுதான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா” என்பதுதான் பேச்சு.

கப்பலூர்மோல்டு:

எனக்கும் அதே பதில்தான் வந்தது. ஸ்டெப் கோப்பு ஒன்றை மறுநாள் அனுப்பினார்கள். ஆனால் அது இதே ஐஜெஸ் கோப்பை யாரோ திறந்து ஸ்டெப்பாகச் சேமித்தது. அதே 61 விளிம்புகள்.

அளந்து பார்த்தேன். 61இல் 40 விளிம்புகளின் இடைவெளி 0.005 மி.மீ.க்குள் இருக்கிறது. 15 விளிம்புகள் 0.01 முதல் 0.04 வரை. மீதி ஆறில் நான்கு, ஒரே பரப்பு ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை இருந்ததால் வந்தவை. நகலை நீக்கியதும் சரியாகிவிட்டன. கடைசி இரண்டும் ஊசி போன்ற ஒரு மெல்லிய பரப்பைச் சுற்றி உள்ளவை.

சாய்வுக் கோணத்தை அளந்ததில்தான் திகைத்துப்போனேன். ஃபில்லட்டும் (மூலையை உருட்டும் பரப்பு) பக்கச் சுவரும் சேருகிற நீண்ட விளிம்பில் ஒரு முனையில் 0.05 டிகிரி, அப்படியே கூடிக்கொண்டே போய் மறுமுனையில் 0.8 டிகிரி. அந்த விளிம்பு 0.001 டாலரன்ஸிலேயே தைக்கப்பட்டுவிட்ட விளிம்பு! அதைக் குறை என்று நான் சந்தேகித்ததே இல்லை.

பசுமலைவரைவாளர்:

அதுதான் உங்கள் தடிப்புக் கட்டளையை உடைக்கிறது. கணக்கை இங்கேயே போட்டுவிடுவோம். சுவரை உள்ளே தள்ளும்போது ஒவ்வொரு பரப்பும் தன் செங்குத்துத் திசையில் 2.5 மி.மீ. நகர்கிறது. விளிம்பில் இரண்டு செங்குத்துகளும் 0.8 டிகிரி விலகியிருந்தால், நகர்ந்த பரப்புகளின் விளிம்புகள் தடிப்பும் கோணமும் பெருக்கிய அளவுக்கு விலகிவிடும்: 2.5ஐ 0.014 ரேடியனால் பெருக்கினால் 0.035 மி.மீ. வெளித்தோலில் இடைவெளியே இல்லாத விளிம்பு, உட்தோலில் 0.035 மி.மீ. பிளவாகவோ மேற்படிவாகவோ மாறிவிடுகிறது. 1 மி.மீ. தடிப்பில் அது 0.014தான், உங்கள் மென்பொருள் அதைச் சமாளித்துவிட்டது.

பிளவு வந்தால் இரண்டு பரப்புகளையும் நீட்டி, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடுவது மென்பொருளின் வழக்கம். ஏறத்தாழத் தொட்டபடியே ஓடும் இரண்டு பரப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு டிகிரி கோணத்தில் வெட்டும் பரப்புகளில், உயரத்தில் 0.001 மி.மீ. பிழை இருந்தால் வெட்டுக்கோடு பக்கவாட்டில் 0.057 மி.மீ. நகர்ந்துவிடும். அரை டிகிரியில் அதுவே 0.115 ஆகிவிடும். கோடு அலைபாய்கிறது, சில இடங்களில் அறுந்துபோகிறது, கட்டளை கைவிட்டுவிடுகிறது.

இடைவெளி கட்டருக்குத் தெரியாது, ஆனால் தையலுக்குத் தெரியும். சாய்வுக் குறை தையலுக்குத் தெரியாது, தடிப்புக்குத் தெரியும், கண்ணுக்கும் தெரியும்.

திருநகர்பாலிஷ்:

கண்ணுக்குத் தெரியும் என்றீர்களே, அதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அச்சு மெருகேற்றுவது என் தொழில். “கணினியில் நன்றாகத்தான் இருந்தது, பாலிஷில் கெடுத்துவிட்டீர்கள்” என்ற வசையை வாங்கி வாங்கிக் காது மரத்துவிட்டது. ஃபில்லட் தொடங்கும் இடத்தில் சாய்வு ஒரு டிகிரி முறிந்திருந்தால், அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சம் இரண்டு டிகிரி முறியும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது மூன்றரை சென்டிமீட்டர் விலகல். எண்ணெய்க் கல்லால் தேய்த்தால் அந்த முறிவு மழுங்குமே தவிர ஒழுங்காகாது. பக்கத்தில் ஒரு மெல்லிய பள்ளம் விழுந்து, கறுப்புப் பளபளப்பு மூடியில் அலையாகத் தெரியும்.

டிங்கரிங் பட்டறையில் கதவுத் தகட்டைச் சோதிப்பவர், டியூப்லைட்டின் பிரதிபலிப்பு தகட்டின் மேல் நேராக ஓடுகிறதா என்று சாய்ந்து பார்ப்பார். வரைவாளர்களும் அதை மாதிரியிலேயே பார்த்துவிட்டு அனுப்பினால் எங்களுக்குப் பழி குறையும்.

பசுமலைவரைவாளர்:

பாலிஷ் அண்ணன் சொல்வதுதான் மென்பொருளில் வரிக்குதிரைக் கோடு என்று இருக்கிறது: கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பரப்பில் பிரதிபலிப்பதுபோல் காட்டும். விளிம்பில் கோடு துண்டுபட்டு விலகி நின்றால் இடம் மட்டும் சேர்ந்திருக்கிறது, சாய்வு சேரவில்லை. கோடு சேர்ந்து, ஆனால் சட்டென்று முறிந்து திரும்பினால் சாய்வு சேர்ந்திருக்கிறது, வளைவு சேரவில்லை. முறிவே இல்லாமல் வழுக்கிச் சென்றால் வளைவும் சேர்ந்திருக்கிறது. படத்தைத் திரையில் காட்டும் மெஷ் (முக்கோண வலை) கரடுமுரடாக இருந்தால் இந்தக் கோடுகள் பொய் சொல்லும். முதலில் காட்சி மெஷ்ஷை நுட்பமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி செப்பம். மூலத்தின் நகலொன்றைத் தனி லேயரில் பூட்டி வைத்துவிடுங்கள். முடிவில் எவ்வளவு விலகினோம் என்பதை அதோடு ஒப்பிட வேண்டும். பிறகு எல்லாத் தையலையும் பிரித்து, ஒவ்வொரு பரப்பையும் தனியாகச் சோதியுங்கள். தானே தன்னை வெட்டிக்கொள்வது, ஒரு பக்கம் புள்ளியாகச் சுருங்குவது, டிரிம் கோடு பரப்பை விட்டு வெளியே போவது ஆகியவை இருந்தால், டிரிம்மைக் கழற்றி மறுபடி டிரிம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். நோயுள்ள பரப்பை வைத்துக்கொண்டு தைப்பது வீண்.

அடுத்து 0.001இல் தைத்து, மிச்சத்தை 0.005இல் தையுங்கள். உங்கள் 40 விளிம்புகள் அங்கே முடிந்துவிடும். அவற்றைச் செப்பனிட வேண்டியதே இல்லை. மீதி 15இல், இரண்டு பரப்புகளும் நல்ல கோணத்தில், அதாவது முப்பது டிகிரிக்கு மேல், சந்திக்கிறவற்றை நீட்டி மறுபடி வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. தொட்டபடி ஓடுகிறவற்றில் அதைச் செய்யவே கூடாது, காரணம் மேலே சொன்ன அலைபாய்ச்சல். அங்கே ஃபில்லட்டை அழித்துவிட்டு, அடிப்படைப் பரப்புகளை நீட்டிச் சந்திக்கவைத்து, அதே ஆரத்தில் புதிய ஃபில்லட் போடுவதுதான் முறை. ஊசிப் பரப்பை நீக்கிவிட்டு, அண்டைப் பரப்பை நீட்டி அந்த இடத்தை நிரப்புங்கள். அதைக் காப்பாற்ற முயன்று பாதி நாளை இழந்தவன் நான்.

கணக்குவாத்தியார்:

ஃபில்லட்டை அழிக்காமல், கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (பரப்பின் வடிவத்தை நிர்ணயிக்கும் புள்ளிகளை) நகர்த்தி விளிம்பைப் பொருத்தும் கட்டளை இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா என்று மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். பயன்படுத்தலாம், எல்லை தெரிந்திருக்க வேண்டும். விளிம்பில் உள்ள முதல் வரிசைப் புள்ளிகள் இடத்தைத் தீர்மானிக்கின்றன, இரண்டாம் வரிசை சாய்வை, மூன்றாம் வரிசை வளைவை. ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சாய்வு பொருந்தவேண்டும் என்றால் குறுக்கே குறைந்தது நான்கு வரிசைகள் தேவை. இரண்டு பக்கமும் வளைவு பொருந்த ஆறு. அதற்குக் குறைவாக இருந்தால் இந்தப் பக்கம் சரிசெய்தது அந்தப் பக்கத்தை இழுத்துவிடும். மேலும், நகர்த்தப்படும் பரப்பின் விளிம்பு டிரிம் செய்யப்படாத இயல்பு விளிம்பாக இருக்க வேண்டும். டிரிம் விளிம்பு புள்ளி வரிசைகளின் வழியே போவதில்லை. அதைப் பிடித்து இழுக்கக் கைப்பிடி எதுவும் கிடையாது.

புதூர்பட்டறை:

தானியங்கிச் செப்பனிடும் கட்டளை எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. சாய்வு எல்லை இரண்டு டிகிரி என்று கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கிவிடுமே. இத்தனை கைவேலை எதற்கு?

பசுமலைவரைவாளர்:

அண்ணே, அந்தப் பொத்தானால் நான் சூடுபட்டிருக்கிறேன். பார்ட்டிங் லைனுக்கு (அச்சின் இரு பாதிகளும் பிரியும் கோட்டுக்கு) மேலே அரை டிகிரி டிராஃப்ட், கீழே எதிர்த்திசையில் அரை டிகிரி டிராஃப்ட் இருந்த ஒரு பெட்டி. அந்தக் கோட்டில் செங்குத்துகளின் வித்தியாசம் சரியாக ஒரு டிகிரி. நான் இரண்டு டிகிரி எல்லை கொடுத்ததும், மென்பொருள் அதையும் குறை என்று எடுத்துக்கொண்டு மழமழவென்று வளைத்துவிட்டது. பார்ட்டிங் லைனை ஒட்டி டிராஃப்ட் பூச்சியம் ஆகிவிட்டது. டிராஃப்ட் சோதனையை மறுபடி ஓட்டாமல் விட்டிருந்தால், உருப்படி கேவிட்டிச் சுவரை உரசிக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

வேண்டுமென்றே போட்ட முறிவு எது, தவறி வந்த முறிவு எது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. தவறி வந்ததன் கோணம் விளிம்பு நெடுகக் கூடிக் குறையும். கப்பலூர் நண்பரின் 0.05 முதல் 0.8 வரை அப்படிப்பட்டது. வேண்டுமென்று போட்டது பெரும்பாலும் ஒரே அளவாக நிற்கும். எப்போதும் செல்லுபடியாகிற விதி அன்று இது. படத்தில் வடிவமைப்பாளர் மங்கவைத்து முடிக்கும் அழகுக்கோடும் கூடிக் குறைந்துதான் ஓடும். சந்தேகமானால் தொலைபேசியை எடுத்துக் கேட்டுவிடுவேன். தானியங்கியை ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், காப்பாற்ற வேண்டிய விளிம்புகளை முதலில் தேர்ந்து விலக்கிவிட்டு ஓட்டுவேன்.

வண்டியூர்மாணவன்:

ஐயா, என்னிடம் பணம் கட்டிய மென்பொருள் இல்லை. ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளில் இந்தச் சோதனைகளைச் செய்ய முடியுமா?

கணக்குவாத்தியார்:

வடிவச் சோதனையும் தையலும் அதில் உண்டு, அதன் உட்கரு ஓப்பன் கேஸ்கேட். சாய்வுக் கோணத்தை விளிம்பு நெடுக அளக்க, சில வரிகள் பைத்தான் எழுதினால் போதும்: விளிம்பில் இருபது புள்ளிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பரப்பின் செங்குத்தையும் கேட்டு, இடைப்பட்ட கோணத்தை அச்சிடுங்கள். எழுதிப் பார்த்தால் பொத்தானை அழுத்துவதைவிட அதிகம் விளங்கும்.

கப்பலூர்மோல்டு:

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு நாள் மின்தடையும் சேர்ந்துகொண்டது. நிலவரம் இது.

நாற்பது விளிம்புகள் 0.005இல் சேர்ந்துவிட்டன. பதினைந்தில் ஒன்பதை நீட்டி வெட்டினேன், ஆறு ஃபில்லட் விளிம்புகள். அந்த ஆறையும், தைத்திருந்தும் 0.8 டிகிரி காட்டிய நீண்ட ஃபில்லட்டையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பழைய ஃபில்லட்டின் ஆரத்தை அளந்தபோது ஒரு முனையில் 4.00, மறுமுனையில் 4.31 என்று வந்தது. நடுவில் யாரோ சுவரைச் சற்றே நகர்த்திவிட்டு ஃபில்லட்டை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளரைக் கேட்டதில் 4 என்றே போடச் சொல்லிவிட்டார்.

இப்போது எல்லா ஃபில்லட் விளிம்புகளிலும் சாய்வு வித்தியாசம் 0.03 டிகிரிக்குள் நிற்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டால், அந்த ஃபில்லட் மாறிய இடத்தைத் தவிர மற்ற எங்கும் விலகல் 0.02 மி.மீ.ஐத் தாண்டவில்லை. 2.5 மி.மீ. தடிப்பு முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை நாள் ஆனது. புதூர் அண்ணன் பயமுறுத்திய ஒரு வாரம் ஆகவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. மூன்று ஃபில்லட்டுகள் சந்திக்கும் கீழ்மூலையில் வரிக்குதிரைக் கோடு இன்னும் முறிகிறது. சாய்வு பொருந்தியிருக்கிறது, வளைவு பொருந்தவில்லை. அந்த மூலை வண்டியில் கால்வைக்கும் இடத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், அங்கே டெக்ஸ்சரும் (சொரசொரப்பான மேற்பரப்பு) வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

திருநகர்பாலிஷ்:

டெக்ஸ்சர் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். பளபளப்பு என்று பிறகு மாற்றினால் மட்டும் எனக்குச் சொல்லிவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.